கூழ் போன வழி

மூளையே மனிதனின் மணிமகுடம். மூளை இல்லாத இடத்தில் அறிவைத் தேடுகிறவன், தலையில்லாத முண்டத்துக்கு முடிசூட்டப் பார்க்கிறான்.

பேராசிரியர் அறிவுக்கரசு எழுதிய புத்தகத்தின் முதல் வாக்கியம் இது. அவர் பணியாற்றிய கல்லூரியின் நுழைவாயிலில் இதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை தொலைக்காட்சியிலும் இதையே, ‘முண்டம்’ என்ற இடத்தில் சற்று நிறுத்தி, விரலை உயர்த்திச் சொன்னார். சொல்லிவிட்டு நேரே தலைமைச் செயலகத்துக்கு வந்தவர், கூட்ட அறை எங்கே என்று தெரியாமல் நான்காவது மாடி முழுக்கச் சுற்றி, மூன்று முறையும் அதே ஆண்கள் கழிவறை வாசலுக்கே வந்து சேர்ந்தார்.

மூன்றாவது முறை வாசலில் நின்ற காவலர் பார்த்துவிட்டதால், இதற்காகத்தான் வந்தேன் என்பதுபோல் உள்ளே நுழைந்தார். உள்ளே, தண்ணீர் போகும் துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு திட்டு. யாரோ சோளக்கூழைச் சிந்திவிட்டுத் துடைக்க மறந்துபோன மாதிரி இருந்தது. அதற்கு அறிவு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லத்தான் அரசாங்கம் அவரை அழைத்திருந்தது. அதற்குக் கண் கிடையாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டார்.

அதன் அரசுப் பெயர் உயிரியல் கசிவுத்தடுப்புப் படலம். திறப்பு விழாவில் அமைச்சருக்கே அது வாயில் நுழையாமல் போகவே, ஊர் அதைக் கூழ் என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அது செடி இல்லை, விலங்கு இல்லை, காளானும் இல்லை. ஒரே ஓர் உயிரணு, ஆனால் மாநகரம் அளவுக்குப் பெரியது. பூமிக்கடியில் குழாய்களைச் சுற்றி அதை வளரவிட்டிருந்தார்கள். குழாயில் எங்கே கசிகிறதோ அங்கே ஓடும். விரிசலை அடைத்துக்கொண்டு உட்காரும். யாரும் வேலை சொல்லவேண்டியதில்லை, மேற்பார்வை வேண்டியதில்லை, பஞ்சப்படி வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு குளியலறைத் துளை வழியாக மேலே வந்து ஒரு திட்டாகப் படர்ந்திருக்கும். தயவுசெய்து தேய்க்காதீர்கள் என்று துறை விளம்பரம் செய்தது. மக்கள் உப்புப் போட்டுத் தேய்த்தார்கள். உப்புப் பட்ட இடத்தைக் கூழ் கொஞ்ச காலம் சுற்றிப் போகும். பிறகு மன்னித்துத் திரும்பி வரும்.

கூட்ட அறையில் நான்கு பேர். தலைமை, துறைச் செயலாளர். தலைமைப் பொறியாளர் ஜெபமணி, ஐம்பது வயதுத் திருநெல்வேலிக்காரர், பூமிக்கடியில் கூழ் எங்கெங்கே இருக்கிறது என்று கண்காணிப்பவர். தமிழறிஞர் என்ற முறையில் புலவர் செங்குட்டுவேல். அறிவியலுக்கு அறிவுக்கரசு.

விஷயத்தைச் செயலாளர் சுருக்கமாகச் சொன்னார். நகரின் தென்கோடியில் குமுதினி லேக்வியூ என்ற குடியிருப்பு இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் குடும்பங்கள். பெயரில் ஏரி இருக்கிறதே, ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியவில்லையே என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டதுண்டு. தெரியாது, ஏரிக்கு மேலேதான் கட்டடமே நின்றது. அந்தக் குடியிருப்பை விட்டுக் கூழ் போன வாரம் மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டது. பூமி உள்வாங்கப் போகிறது, அதனால்தான் போய்விட்டது என்று பேச்சு. மண் பரிசோதனைக்கு டெண்டர் விட்டிருக்கிறது, கருவி வர ஒரு மாதம் ஆகும். அதுவரை ஜனங்களை வெளியேற்றலாமா? விதி இடம் கொடுக்கவில்லை. எப்போதோ ஒரு கிளி ஜோசியர் கடல் வருகிறது என்று சொல்லி ஒரு தாலுகாவையே காலிசெய்ய வைத்துவிட்டதால், ‘அறிவுள்ள மூலத்திலிருந்து’ எச்சரிக்கை வந்தால் மட்டுமே வெளியேற்றலாம் என்று விதியில் சேர்த்திருந்தார்கள். ஆகவே கேள்வி ஒன்றுதான். கூழ் அறிவுள்ள மூலமா, இல்லையா?

உண்டென்றால் ஆயிரம் குடும்பங்கள் இறங்கி நடக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே இருக்க வேண்டும்.

அந்த ஆயிரத்தில் ஒரு குடும்பம் தன் மகளுடையது என்பதை அறிவுக்கரசு குழுவிடம் சொல்லவில்லை. அறிவியலில் உறவுக்கு இடமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

புலவர் எழுந்து, நம் முன்னோர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை என்றோ பிரித்து வைத்துவிட்டார்கள், மேலைநாட்டான் இப்போதுதான் விழித்துக்கொள்கிறான் என்று தொடங்கினார். கூழுக்குத் தொடு உணர்வு இருக்கிறது, அது ஒன்று. உப்பை ஒதுக்குவதால் சுவை இருக்கிறது, அது இரண்டு. ஆக இரண்டறிவு, நத்தையோடு சேர்த்து வைக்கலாம். செயலாளர் இதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, விதிக்கு எத்தனை அறிவு தேவை என்று விதியில் இல்லையே என்று கவலைப்பட்டார். நத்தை சொல்லி ஆயிரம் குடும்பத்தைக் கிளப்பினால் சட்டமன்றத்தில் என்ன பதில் சொல்வது என்பதும் அவர் கவலை.

அறிவுக்கரசு புன்னகைத்தார். அறிவு என்ற ஒரே சொல்லைப் புலனுக்கும் போட்டு, புத்திக்கும் போட்டுக் குழப்பியதுதான் நம்முடைய கோளாறு என்றார். கதவிடுக்கில் விரல் நசுங்கினால் கதவுக்குக் கோபம் என்று அர்த்தமா? நரம்பில்லை, மூளையில்லை, நடப்பது வெறும் வேதிவினை. சொல்லிவிட்டு ஜெபமணியைப் பார்த்தார், ஆமோதிப்பார் என்று.

ஜெபமணி ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதுக்கு அறிவு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது, அது அங்கேருந்து போயிட்டு, அதுதான் தெரியும் என்றார். ஒருதடவை நேரில் வந்து பார்த்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பட்டப்பகலில் போனார்கள். லேக்வியூவில் எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன. ஜெபமணி ஒவ்வொரு கட்டடத்துப் பக்கத்திலும் சாக்கடை மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கூழ் இல்லை. அது ஊர்ந்து போன தடம் மட்டும், காய்ந்த கஞ்சித்தண்ணீர் மாதிரி, சுவரில் பளபளத்தது. முதல் மூடியில் தடம் வாசல் பக்கம் போயிருந்தது. அடுத்ததிலும் வாசல் பக்கம். எந்த மூடியைத் தூக்கினாலும் வாசல் பக்கம். அறிவுக்கரசுக்கு வெயிலில் வியர்க்கவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

சுற்றுச்சுவருக்கு வெளியே, நகராட்சிக் குழாய்த் தொட்டிக்குள் கூழ் இருந்தது. விளிம்பு வரைக்கும் வந்து, வரம்பு கட்டின மாதிரி நேர்க்கோடாக நின்றது. ஜெபமணி ஒரு பாக்கெட்டைப் பிரித்து, கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், லேக்வியூ பக்கமாக, ஊறவைத்த ஓட்ஸைக் கொட்டினார்.

“பட்டினி போட்டிருக்கேன் சார், வேணும்னே. ஓட்ஸ்னா உசிரு அதுக்கு. மத்த இடத்துல இந்நேரம் மேல விழுந்து திங்கும்.” தொட்டிக்குள் டார்ச் அடித்தார். “பாருங்க. வரமாட்டுக்கு.”

மஞ்சள் விளிம்பு லேசாக முன்னால் பிதுங்கியது. ஓட்ஸின் வாசம் அதற்கு எட்டியிருக்க வேண்டும். ஒரு விரல் நீளத்துக்கு நீண்டது. நின்றது. பிறகு சூடு பட்ட கைபோல் பின்வாங்கி, முன்பு இருந்ததைவிடவும் தள்ளிப் போய் ஒடுங்கிக்கொண்டது.

அறிவுக்கரசின் முழங்கையில் மயிர் நட்டுக்கொண்டது. சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு, உரக்க, “வேதிவினை” என்றார்.

“சரி சார்” என்றார் ஜெபமணி. “ஆனா எதுக்கு வினைன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்லா.”

திரும்புகிற வழியில் சி பிளாக் தரைத்தளத்திலிருந்து ஒருவர் வேகமாக வந்து கைகூப்பினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தணிகைநாதன். மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர், மகன் நியூசிலாந்தில். ஐயா என் வாசலைத் தாண்டிப் போகலாமா என்று எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். அலமாரியில் அறிவுக்கரசின் புத்தகம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பில் அடிக்கோடு. ஊரில் ஒவ்வொருத்தன் ஒவ்வொரு விதமாகப் பயமுறுத்துகிறான், நான் மட்டும் அசையவில்லை, காரணம் இது என்று புத்தகத்தைத் தட்டினார். அதில் கையெழுத்துப் போடச் சொன்னார். அறிவுக்கரசு போட்டார். போடும்போது மேசை நடுங்குகிறதா, கை நடுங்குகிறதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே மனைவி தமயந்தியிடம், மகள் நன்மொழிக்கு இந்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு வைத்துவிடலாம் என்றார். இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் திறந்தது, வார்த்தை வந்துவிட்டது. என்ன சொன்னோம் என்பது அவருக்கே சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தமயந்தி கையிலிருந்த முருங்கைக்கீரையை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். தாலிக்குப் பதில் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணம் அவர்களுடையது. மகளுக்கு ராகுகாலத்தில் பெயர் வைத்து, அதைப் பத்திரிகையில் போட்டோவோடு போட்டுக்கொண்டவர் இந்த மனிதர். சுப்பையா என்று அப்பா வைத்த பெயரையே மூடத்தனம் என்று மாற்றிக்கொண்டவர். இப்போது காலண்டர் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வளர்பிறை, ஏழாம் மாதம், இதைவிட்டால் நல்ல நாள் இல்லை என்கிறார்.

“ஏங்க, உடம்பு எதுவும் சரியில்லையா?” என்றார் தமயந்தி.

இல்லை என்றார். மகள் தாய் வீட்டுக்கு வருவதில் என்ன தப்பு, நம் பண்பாடு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். தமயந்தி அதற்குமேல் கேட்கவில்லை. மகள் வருவதென்றால் அந்தக் குளியலறையை முதலில் சுத்தம் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார். பக்கெட்டுக்குப் பின்னால் அந்த மஞ்சள் சனியன் மறுபடி படர்ந்திருக்கிறது; எனக்கு முட்டி மடக்க முடியவில்லை; வேலைக்காரி அதைத் தொட்டால் பாவம் என்கிறாள்; உப்பைப் போட்டு நீங்கள் ஒரு தேய் தேய்த்தால் என்ன? பார்த்துக்கொள்கிறேன் என்றார் அறிவுக்கரசு. ஆண்டுக்கணக்காக அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வியாழக்கிழமை குழு கூடி ஒருமனதாக முடிவெடுத்தது. மூளையற்ற உயிருக்கு அறிவு இருப்பதாகக் கருத இயலாது. ஆகவே எச்சரிக்கை ஏதும் வரவில்லை. ஆகவே அச்சம் தேவையில்லை. ஜெபமணியும் கையெழுத்துப் போட்டார். போடும் முன் அறிவுக்கரசைப் பார்த்து, உங்களுக்கு நிச்சயம்தானே சார் என்று கேட்டார். அறிவுக்கரசு அறிவியலில் நிச்சயம் என்ற சொல் கிடையாது என்று தொடங்கி நீண்ட நேரம் பேசினார். பேச்சு நடுவே செயலாளரின் தொலைபேசி அடித்தது. அவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அத்தையை இன்றைக்கே கூட்டி வந்துவிடு, சாமானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது அறை முழுக்கக் கேட்டது. புலவர் கூரையைப் பார்த்தார். லேக்வியூவில் அவர் வாடகைக்கு விட்டிருந்த சொந்த வீடு ஒன்று இருந்தது. நேற்றே அதை மச்சான் பேருக்கு மாற்றியிருந்தார்.

மாலை எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அறிவுக்கரசு வந்தார். முண்டம் என்ற இடத்தில் இந்த முறை நிறுத்தவில்லை. வேகமாகத் தாண்டிப் போனார்.

வளைகாப்பு லேக்வியூவில், மகள் வீட்டிலேயே நடந்தது. அறிவுக்கரசே சந்தனம் குழைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், அவர் கொஞ்சம் கூடுதலாக ஆசைப்பட்டிருக்காவிட்டால். மகளை மட்டும் அழைத்து வருவதுதானே முறை. அவர் மாப்பிள்ளையையும் வா வா என்றார். மாப்பிள்ளை தயங்க, சும்மா வாருங்கள், அப்படியே அந்தப் பீரோவையும் பிரிட்ஜையும் ஏற்றிவிடலாம், கீழே வண்டி நிற்கிறது என்றார். நன்மொழி கை நிறையக் கண்ணாடி வளையலோடு அவரைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, விருந்தாளிகள் போன பிறகு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வருவாங்கப்பா. பிரிட்ஜை எந்த ஊர்ல பிரசவத்துக்குக் கூட்டிட்டு வருவாங்க?”

அவர் தண்ணீர் குடித்தார்.

“உங்களுக்குத் தெரியும். இடியப் போகுதுன்னு தெரியும்.”

“தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. எந்த ஆதாரமும் கிடையாது.”

“அப்ப நான் திரும்பிப் போறேன்.”

“போகாத” என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியாத மாதிரி வந்தது. “கண்ணு, போகாத. பயமா இருக்கு.”

நன்மொழி வளையல்களை மேலே தள்ளிவிட்டாள். அவை சன்னமாகச் சப்தித்தன.

“மூளை இல்லாதது எப்பவோ கிளம்பிடுச்சு” என்றாள் பிறகு. “மூளை இருக்கறவங்க நாலு பேர் உட்கார்ந்து, அதுக்கு மூளை இருக்கான்னு பேசிட்டிருந்தீங்க. டிவில போய்ச் சொல்லுங்கப்பா. பயமா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க போதும்.”

அவர் விளக்கினார். பயம் என்பது வாதம் ஆகாது. குழு ஒருமனதாக முடிவெடுத்துவிட்டது. இனி மாற்றினால் நாளை ஒவ்வொரு பல்லிக்கும் பூனைக்கும் ஊரைக் காலிசெய்ய வேண்டி வரும். மண் பரிசோதனை முடிவு வரட்டும். அவர் பேசப் பேச நன்மொழி கைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். லேக்வியூ வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே வரிதான் அனுப்பினாள்: எங்கப்பா என்னையும் பிரிட்ஜையும் கூட்டிட்டு வந்துட்டார்.

அறிக்கை செய்யாததை அந்த வரி செய்தது. சனிக்கிழமை காலை லேக்வியூ கிளம்பியது. யாரும் உத்தரவிடவில்லை. யாரும் வரிசைப்படுத்தவில்லை. ஒரு குடும்பம் இறங்கியதைப் பார்த்து எதிர் வீட்டுக் குடும்பம் இறங்கியது, அதைப் பார்த்து மாடிவீடு இறங்கியது. பாலமருகே நெரிசல் என்று தெரிந்ததும் கூட்டம் தானாகவே பிரிந்து பின்பக்கச் சந்து வழியாக ஓடியது. ஒரு செய்திச் சேனல் இதை மேலிருந்து படம்பிடித்துக் காட்டியது. மஞ்சள் வெயிலில், கட்டடங்களுக்கு நடுவே, கிளைவிட்டும் சேர்ந்தும் வாசல் பக்கமாக மட்டுமே நகர்கிற ஒரு திரள். அறிவுக்கரசு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தார்.

மாலையில் தணிகைநாதன் தொலைபேசியில் கூப்பிட்டார். மன்னிக்க வேண்டும், தொந்தரவு கொடுக்கிறேன் என்றார். சி பிளாக்கில் அவரோடு சேர்த்து நாலைந்து பேர்தான் மிச்சமாம். எல்லோரும் அவரைப் போலவே பகுத்தறிவாளர்கள். ஏதோ பிரிட்ஜ் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி வருகிறது. நான் வதந்தியை நம்புகிறவன் இல்லை. என்றாலும் பையன் அங்கிருந்து நச்சரிக்கிறான்.

“உங்க வாயால ஒரே ஒரு வார்த்தை ஐயா. இருக்கவா, கிளம்பவா? நீங்க எது சொன்னாலும் அது.”

சமையலறையில் நன்மொழியின் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் பிரிட்ஜ் இன்னும் பெட்டிக்கட்டு பிரிக்காமல் நின்றது. அறிவுக்கரசு வாயைத் திறந்தார். கிளம்புங்கள் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது என்று அவர் பிற்பாடு பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டதுண்டு. விரல் நீளத்துக்கு வந்தது. நின்றது. பின்வாங்கியது.

“குழுவின் முடிவைத்தான் தொலைக்காட்சியில் சொல்லியிருக்கிறேனே” என்றார், எழுத்துத் தமிழில். “அச்சப்படத் தேவையில்லை.”

“போதும் ஐயா” என்றார் தணிகைநாதன். “இது போதும் எனக்கு.”

திங்கட்கிழமை காலை, பால் பாக்கெட் போடுகிறவர் வந்து போன சற்று நேரத்தில், லேக்வியூ உள்ளே போனது. பெரிய சத்தமில்லை என்றார்கள். நீச்சல் குளத்துத் தண்ணீர் முதலில் சுழன்று காணாமல் போனது. பிறகு சி பிளாக், பிறகு அதன் இரு பக்கமும். மண் மூடிய இடத்தில் பழுப்பாகத் தண்ணீர் ஊறி நிறைந்தது. மதியத்துக்குள் அங்கே ஓர் ஏரி இருந்தது. விற்றபோது சொன்ன வாக்கு அன்றைக்குத்தான் நிறைவேறியது.

இறந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் அரசு அறிக்கையை நம்பியவர்கள்.

குழு அவசரமாகக் கூடியது. முடிவை மாற்றவேண்டியதில்லை என்று செயலாளர் கருதினார். பூமி உள்வாங்கியதால் கூழுக்கு மூளை முளைத்துவிடாது, இல்லையா? அறிவுக்கரசு இல்லை என்றார். ஆனால் ஆயிரம் குடும்பங்கள் எச்சரிக்கையே இல்லாமல் எப்படித் தப்பித்தன என்று மேலிடம் கேட்குமே? வதந்தியால் என்று எழுதினார்கள். வதந்தியால் பொதுமக்கள் உயிர் பிழைத்ததாகவும், வதந்தி பரப்பியவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அறிக்கை முடிந்தது. ஜெபமணி இந்த முறை கையெழுத்துப் போடவில்லை. லிப்ட் பக்கம் அறிவுக்கரசைக் கடந்து போகும்போது மட்டும் நின்றார்.

“அன்னைக்கு உங்க கை மயிரு எந்திரிச்சிதுல்லா சார், நான் பாத்தேன்” என்றார். “அதுக்கும் மூளை கிடையாது.”

நன்மொழிக்கு நோட்டீஸ் வந்தது. அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தபின் அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

தணிகைநாதனின் மகன் நியூசிலாந்திலிருந்து வந்து காரியங்களை முடித்தான். முடித்துவிட்டு மரியாதைக்கு ஒருமுறை அறிவுக்கரசின் வீட்டுக்கு வந்தான். மெலிந்து, கண்ணாடி போட்டு, அப்பா சாயல். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அப்பா கடைசியாகச் சனிக்கிழமை சாயந்திரம் என்னிடம் பேசினார் என்றான். உங்களிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். ரொம்பத் தெம்பாக இருந்தார்.

“ரெண்டு மூணு நாளா தூங்காம இருந்தவர் சார். அதுக்கப்புறம் நிம்மதியாத் தூங்கியிருக்கார். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தோணிச்சு” என்று கும்பிட்டான். அந்தக் கும்பிடில் குத்தல் இருக்கிறதா என்று அறிவுக்கரசு தேடிப் பார்த்தார். இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அவனை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகவே அவருக்கு உட்கார்ந்தால் பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. ஏதாவது அதிர்கிறதா என்று பார்ப்பதற்கு. அதிரவில்லை. அவர் வீடு நகரின் மறுகோடியில், மேட்டில், பாறைமேல் இருப்பது. பாறை என்று வீட்டுத் தரகர் சொல்லியிருந்தார். நன்மொழி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூடத்தில் அவளுடைய பிரிட்ஜ் லேசாக உறுமிக்கொண்டிருந்தது.

தமயந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பல நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு.

“வாயால சொல்லாமலே செஞ்சுட்டீங்களே” என்றார். “பக்கெட்டை நகர்த்திப் பார்த்தேன். பளிச்சுன்னு இருக்கு. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. வேலைக்காரியைக் கேட்டேன், நான் தொடலைங்கறா. நன்மொழி குனியவே கூடாது. அப்ப நீங்கதானே.”

அறிவுக்கரசு பாதத்தைத் தரையில் இன்னும் அழுத்தினார்.

“பின்கட்டுலயும் தேய்ச்சிருக்கீங்க, பாத்தேன். தெருவாசல் பக்கமா கஞ்சித்தண்ணி காஞ்ச மாதிரி கோடு மட்டும் இருக்கு, அதை நான் கழுவிவிட்டுக்கறேன். இத்தனை வருஷத்துல இப்பவாச்சும் தோணிச்சே.”

பேராசிரியர் அந்தக் குளியலறையைத் தேய்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எந்தக் குளியலறையையும் தேய்த்ததில்லை.